சிவப்பு மையில் நாலு திருத்தம்

— இல்ல எழுத்தாளரம்மா, இதை அப்படியே எடுத்தா ஊரே சிரிக்கும். வீட்டை விட்டு ஓடற மனுஷன் ராத்திரி ரயிலேறி நேரா தோக்கியோவுக்கா வருவான்? நம்ம துப்பறியும் கதாநாயகன் தொகிசாவா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி அவனோட மாமியாரே கண்டுபிடிச்சிருப்பா!

— அதைத்தான் போன வாரமே சிவப்பு மையில அடிச்சு அனுப்பிட்டீங்களே, ஹிருகாவா ஐயா. "ரயில் வேண்டாம், கப்பல்"னு.

— அடிச்சேன். பின்ன? வெள்ளிக்கிழமை ஒம்பது மணித் தொலைக்காட்சித் தொடர். கடைசியில பேர்ப் பட்டியல் ஓடறப்ப "துப்பறியும் தொழில் ஆலோசனை: ஹிருகாவா ஷிகேயோ"ன்னு வருது. தும்மினா தவறிப் போயிடும். ஆனாலும் என் பேரு. எங்க தெரு மீன்கடைக்காரன் அதைப் பார்த்துட்டு ரெண்டு மத்தி கூடப் போடறான். அந்த மத்திக்காவது நான் உண்மையா இருக்க வேண்டாமா?

— கதாநாயகன் நீளக் கோட்டோட மழையில நிக்கிறார். அதைத் திருத்தலையே?

— அந்தக் கோட்டோட மூணு வருஷமா மல்லுக்கட்டறேன், நடக்கலை. நான் முப்பத்தெட்டு வருஷம் தனியார் துப்பறிவாளன். என் வேஷம் என்ன தெரியுமோ? சாயம் போன மழைச்சட்டை, கையில காய்கறிப் பை. பைக்கு வெளியே வெங்காயத்தாள் நீட்டிக்கிட்டு இருக்கணும். வெங்காயத்தாளோட நடக்கிற ஆளை எமன்கூட சந்தேகப்பட மாட்டான். நடிகர்கிட்ட சொன்னேன். "வெங்காயத்தாளோட நின்னா எனக்கு யார் ஐயா ரசிகர் கடுதாசி போடுவா?"ங்கறார்.

— சரி, கையெழுத்துக்குப் பதிலா உங்க முத்திரையை வெச்சுடுங்க. மூணு மணிக்குள்ள கதைப் பிரதி டிவி நிலையத்துக்குப் போகணும். நாளைக்குக் காலையில படப்பிடிப்பு.

— வெக்கறேன், வெக்கறேன். அதுக்கு முன்னாடி பேரத்தை முடிப்போம். என் திருத்தம் நாலு. நீங்க எத்தனையை ஏத்துக்கறீங்க?

— நாலையும் ஏத்துக்கறேன்.

— இது பேரமே இல்லையே! முதல் விலைக்கே சரின்னுட்டா, விக்கிறவனுக்குச் சந்தேகம் வந்துடும் அம்மணி. ரெண்டையாவது குறைச்சுக் கேளுங்க.

— குறைக்கலை. ஒவ்வொண்ணுக்கும் காரணம் மட்டும் சொல்லுங்க. நான் எழுதினது: ஊறுகாய்க் கடை வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையாப் போன ஒருத்தன். ஒரு குளிர்காலம் முள்ளங்கிப் பீப்பாய் அத்தனையும் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. கடை பேரு கெட்டுப் போச்சு. அவமானம் தாங்காம ஓடிப் போயிட்டான். அவன் பொண்டாட்டி துப்பறிவாளர்கிட்ட வர்றா. நான் எந்த ஊர்க் கடைன்னு எழுதலை.

— எழுதலை. அதனால என்ன?

— நீங்க "நீகாதாவிலிருந்து சாடோ தீவுக்குக் கப்பல்"னு எழுதியிருக்கீங்க. நம்ம நாட்டைச் சுத்திக் கடல்தான். துறைமுகம் கொட்டிக் கிடக்கு. நீகாதாவை எப்படிப் பிடிச்சீங்க?

— அது... ஊறுகாய்னா வடக்குப் பக்கம்தானே. கைக்கு வந்துச்சு, எழுதினேன். தங்கச்சி, இங்க இன்னொரு காப்பி கொண்டாம்மா!

— ரெண்டாவது. நான் எழுதினது, விடுதியில பாத்திரம் கழுவற வேலை. நீங்க அடிச்சுட்டு "கணவாய் மீன் உலர்த்தும் கொட்டகை"ன்னு போட்டிருக்கீங்க.

— விடுதியில வேலைன்னா நாலு பேர் முகம் பார்ப்பாங்க. முகத்தை மறைக்கணும்னு ஓடறவன் முகம் பாக்கற இடத்துக்குப் போவானா? கணவாய்க் கொட்டகையில எல்லாரும் குனிஞ்சே இருப்பாங்க. தலை நிமிர்ந்தா கூலி போயிடும். இது அனுபவம், அம்மணி. புத்தகத்துல கிடைக்காது.

— நியாயம். மூணாவது. நான் "மூன்றாவது வாரம் கண்டுபிடிக்கிறார்"னு எழுதினேன். நீங்க "ஒன்பதாம் நாள்".

— மூணு வாரமா? அவ்வளவு நாள் எடுக்கிறவன் கடையை மூடிட்டுக் கிழங்கு சுடப் போகலாம். நல்ல ஆள் ஒம்பது நாள்ல பிடிச்சுடுவான்.

— பத்து நாள் இல்ல, எட்டு நாள் இல்ல. ஒம்பது.

— என்ன அம்மணி, போலீஸ் மாதிரி கேக்கறீங்க? இந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?

— ரெண்டாவது திருத்தத்தோட ஓரத்துல, நடிகருக்குன்னு பொடி எழுத்துல ஒரு குறிப்பு எழுதியிருக்கீங்க. நானே படிக்கறேன். "கத்தியை இடது கையில் பிடிக்கவும். கணவாயின் வயிற்றை வெளியிலிருந்து தன் பக்கமாக அறுப்பான். மற்றவர்கள் கேலி செய்வார்கள்."

— ஆமா. காட்சிக்கு உயிர் வேணும்ல?

— அவன் இடது கைக்காரன்னு நான் எங்கேயும் எழுதலை, ஐயா.

— பிரதியைக் குடுங்க, பாக்கறேன்.

— அறுபத்திரெண்டு பக்கம். எங்கேயும் எழுதலை. வேணும்னேதான் விட்டேன்.

— நீங்க யாரு?

— ஒரு தடவை பார்த்த முகத்தைச் செத்தாலும் மறக்க மாட்டேன்னு போன மாசம் விருந்துல எல்லார்கிட்டயும் மார் தட்டினீங்க. நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன். உங்க கோப்பையில ரெண்டு தடவை சாக்கே மது ஊத்தினேன்.

— எழுத்தாளர் மினாசே. அதானே உங்க பேரு?

— அது எழுதறதுக்கு வெச்சுக்கிட்டது. இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உயேனோவுல உங்க அலுவலகம், மீன் பொரிக்கிற கடைக்கு மேல் மாடி. படி ஏறினா எண்ணெய் வாசனை. தகவோகாவிலிருந்து ஒரு பொண்ணு போட்டோ கொண்டு வந்து குடுத்தா. நீங்க போட்டோவைத்தான் பார்த்தீங்க, அவளைப் பார்க்கலை.

— மசுயா ஊறுகாய்க் கடை.

— மசுயா மிசாவோ. போட்டோவுல இருந்தது என் புருஷன் ரியோஹேய். அறிக்கை தபால்ல வந்துச்சு. ரெண்டு பக்கம். கடைசி வரி எனக்கு மனப்பாடம். "இயன்றவரை தேடியும் தடயம் ஏதும் கிட்டவில்லை. வருந்துகிறோம்."

— கடவுளே.

— கடவுளைக் கூப்பிடாதீங்க. அவருக்கும் ஒரு அறிக்கை அனுப்பி வெச்சிருப்பீங்க.

— இதுக்காகவா இந்தக் கதையை எழுதினீங்க?

— உங்க பேரை அந்தப் பட்டியல்ல ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன். நான் தும்மலை. அன்னிலேர்ந்து ரெண்டு வருஷம் தயாரிப்பாளர் காலைச் சுத்தி வந்து, ஒரே ஒரு வாரக் கதை வாங்கினேன். நேரா வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?

— மாட்டேன். தொழில் ரகசியம்.

— அதான் தப்புத் தப்பா எழுதி அனுப்பினேன். பிழையைப் பார்த்தா ஹிருகாவா ஐயாவுக்குக் கை நமைக்கும்னு படப்பிடிப்புல எல்லாரும் சொன்னாங்க. ரகசியம் கேட்டா வாயை மூடிக்கிற மனுஷன், தப்பாச் சொன்னா தாங்க மாட்டார்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

— நல்லா விலை பேசியிருக்கீங்க. சரக்கைக் காட்டாமலே என் சரக்கைப் பூராவும் வெளியே எடுக்க வெச்சுட்டீங்க.

— கடைக்காரி பெத்த பொண்ணு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். உயிரோட இருக்காரா?

— அம்மணி, ஒப்பந்தம் போட்டவங்களுக்குத்தான் நான் பதில் சொல்லலாம். ஒப்பந்தம் உங்க அம்மா பேர்ல. அவங்க முத்திரை. நீங்க போட்டோ கொண்டு வந்தீங்க, அவ்வளவுதான்.

— அம்மா போன நவம்பர்ல போயிட்டாங்க. செத்தவங்க முத்திரைக்கு எத்தனை நாள் காவல் இருப்பீங்க? இருக்காரா, இல்லையா?

— இருக்கார். தண்ணி குடிங்க. குடிங்க முதல்ல. முகம் வெளுத்துப் போச்சு.

— எப்படித் தெரியும்? நீங்க பார்த்தது இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி.

— வருஷா வருஷம் எனக்குப் புத்தாண்டு அட்டை போடறார். இந்த வருஷமும் வந்துச்சு. தபால்காரன் கொண்டு வர்ற அறுபது அட்டையில, சட்டப்படி செத்துப்போன ஆள்கிட்டேருந்து வர்றது அது ஒண்ணுதான்.

— அவருக்குத் தெரியுமா? கோர்ட் அறிவிச்சது?

— தெரியாம? ஏழு வருஷம் காணாமப் போனா செத்தவன்னு உங்க வீட்லேருந்து மனு போட்டீங்க. அவர் தீவுல மருத்துவ அட்டை வாங்க ஏதோ குடும்பப் பதிவுத் தாள் கேட்டிருக்கார். ஆபீஸ் குமாஸ்தா தாளைப் பார்க்கறான், இவரைப் பார்க்கறான், "ஐயா, நீங்க காலமாயிட்டீங்களே, அனுதாபங்கள்"னு சொன்னானாம். அன்னிக்கு எனக்குப் போன் பண்ணினார். "ஹிருகாவா ஐயா, நான் செத்துட்டேனாமே, உங்களுக்குத் தெரியுமா?"ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவர் சிரிக்கலை.

— நான் மனு போட மாட்டேன்னுதான் இருந்தேன். வீட்ல சொல்லிச் சொல்லி... அப்புறம் அடுத்த வருஷமே இன்னொரு கல்யாணம் பண்ணி வெச்சாங்க.

— கேள்விப்பட்டார். அதுக்கப்புறம் போன்ல பேசறதை விட்டுட்டார். அட்டை மட்டும்.

— ரெண்டாவது மனுஷர் நல்லவர். அதைச் சொல்லணும். ஒரு நாள் குரல் உசத்தினதில்ல. ரியோஹேய் போட்டோவுக்குத் தினமும் காலையில ஊதுவத்தி ஏத்தி மணி அடிக்கிறது அவர்தான். நான் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார்.

— எல்லாருக்கும் அந்த மனசு வராது.

— வராது. சொல்லுங்க. ஒம்பதாம் நாள் என்ன நடந்துச்சு? வெட்டாம, ஒட்டாம சொல்லுங்க. இது தொலைக்காட்சி இல்ல.

— சாடோ தீவுல, ரியோட்ஸு துறைமுகத்துக்குப் பக்கத்துல கொட்டகை. பனி. இடது கையால கணவாய் அறுத்துக்கிட்டிருந்தார். நான் பேரைச் சொன்னதும் கத்தியைக் கீழ வெச்சு, கையைக் கழுவிக்கிட்டு, ஓடாம என்கூட வந்தார். ஓடற ஆளுங்களை நிறையப் பார்த்திருக்கேன். இவர் ஓடி முடிச்சிருந்தார்.

— என்ன சொன்னார்?

— "மாமியார் முன்னாடி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்? அந்தக் கடை வாசல்ல கால் வைக்க மாட்டேன். மிசாவோவுக்கு இஷ்டம்னா அவ இங்க வரட்டும். ஊறுகாய் வேண்டாம், குடும்பப் பேர் வேண்டாம், நாங்க ரெண்டு பேரும் கணவாய் அறுத்துப் பொழைச்சுக்கறோம்." அதை எழுதிக் குடுங்கன்னேன். கணவாய்ப் பெட்டி அட்டையைக் கிழிச்சு அதும் பின்னால எழுதினார். அடுத்த வாரம் மூணு நாளைக்கு ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகத்துல நிப்பேன்னு தேதி போட்டிருந்தார்.

— நின்னாரா?

— நின்னார். ஒரு நாளைக்கு நாலு கப்பல்னு எழுதியிருந்தார் முதல் புத்தாண்டு அட்டையில. வேற ஒண்ணும் எழுதலை.

— பன்னெண்டு கப்பல்.

— ஆமா.

— நான் அந்த வாரம் என்ன பண்ணினேன் தெரியுமா ஐயா? பூஞ்சை பிடிச்ச பீப்பாயைச் சுரண்டிக்கிட்டிருந்தேன். நாப்பது பீப்பாய். அவர் வந்து பார்த்தா கடை சுத்தமா இருக்கணும்னு. அந்தச் சீட்டு எங்க?

— ஒப்பந்தம் போட்டவங்ககிட்ட சேர்த்துட்டேன். விதி அதான். கண்டுபிடிச்ச அறிக்கை ஒண்ணு, சீட்டு ஒண்ணு. அப்புறம் உங்களுக்கு "கிட்டவில்லை"ன்னு வேற ஒண்ணு அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன்.

— அம்மா.

— பெத்தவங்க. பொண்ணு தீவுக்குப் போயி மீன் அறுக்கிறதைவிட...

— நியாயம் பேசாதீங்க! சாகற நாள் வரைக்கும் "ரியோஹேய் வந்தானா, கதவைத் தாழ் போடாதே"ன்னு சொல்லிக்கிட்டே கிடந்தாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வேற. ஆறு மாசம் நான் படுக்கையோட படுக்கையா இருந்து பார்த்துக்கிட்டேன். எல்லாம் நடிப்பு! இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பூஜைப் பெட்டியிலேருந்து அம்மா போட்டோவை எடுத்துக் குப்பையில போடறேன்.

— செத்தவங்க மேல கோபப்பட்டா நமக்குத்தான் அம்மணி சாப்பாடு செரிக்காது.

— அட்டையில முகவரி இருக்கும். குடுங்க.

— அதுமட்டும்...

— பேரம் பேசலாம்னீங்களே? இதோ பிரதி. உங்க நாலு திருத்தத்தையும் எடுத்துடறேன். ரயில், பாத்திரம், மூணு வாரம், எல்லாம் என் தப்பாவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை உங்க பேரைப் பார்த்து யாருக்கும் ஒண்ணும் புரியாது. முகவரி குடுங்க.

— குடுக்கலேன்னா?

— நாலும் அப்படியே இருக்கும். உங்க கையெழுத்தோட நான் பத்திரிகைக்காரங்களுக்குப் பிரதி எடுத்துக் குடுப்பேன். மீன்கடைக்காரன் மத்தியைத் திருப்பிக் கேப்பான்.

— மசுயா ரத்தம்! ... சரி. எழுதிக்கோங்க. சாடோ, ரியோட்ஸு, மினதோ, எண்பத்தொண்ணு. மீன்பிடிப்பவர் சங்கத்துக் கிடங்குக்குப் பின் வீடு. தனியாத்தான் இருக்கார். செத்தவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?

— எழுதிக்கிட்டேன்.

— இப்பவாவது ஒரு முத்திரையை வெச்சுட்டு நான் போகலாமா? எனக்கு எழுபது வயசு. இதயம் இந்த நிலைமையைத் தாங்காது.

— ஒரே ஒரு கேள்வி. அம்மாகிட்ட அந்தச் சீட்டைக் குடுத்தீங்களே, படிச்சப்ப அவங்க முகம் எப்படி இருந்துச்சு? எனக்கு அது தெரியணும். வெறுக்கிறதுக்கு ஒரு முகம் வேணும்.

— முகமா? உங்க அம்மாவை நான் பார்த்ததே இல்லையே.

— என்ன?

— அதான் என் நாலாவது திருத்தம். நீங்க அதைப் பத்தித்தான் கேக்கவே இல்லை. கடைசிக் காட்சியில பொண்ணோட தாய் துப்பறிவாளர் அலுவலகத்துக்கு வந்து, செய்தி கேட்டு அழறாள்னு எழுதியிருந்தீங்க. நான் அடிச்சுட்டு "தாய் வர மாட்டாள், அவள் முத்திரை வரும்"னு எழுதினேன். பழைய கடை எஜமானியம்மா உயேனோ மாடிப்படி ஏறுவாங்களா? பட்டுப் பையில முத்திரைதான் வந்துச்சு. ஒப்பந்தம் போட, அப்புறம் அறிக்கை வாங்க. முத்திரை வந்தா ஆள் வந்த மாதிரிதானே. நம்ம நாட்டுல அதுக்கு மேல யாரு கேப்பா?

— முத்திரை தானா நடந்தா வந்துச்சு?

— கடையோட தலைமைக் கணக்கர் கொண்டாந்தார். ரொம்பப் பணிவான மனுஷன். குனிஞ்சு வணங்கினா, திரும்ப நிமிர்றதுக்குள்ள ஒரு சிகரெட் பிடிச்சுடலாம். சீட்டை ரெண்டு கையாலயும் வாங்கிப் படிச்சார். "எஜமானியம்மாவைக் கேட்டுட்டு வரேன்"னு கீழ போனார். பத்து நிமிஷத்துல வந்து, "மகளுக்குக் கிடைக்கலைன்னு எழுதிடச் சொன்னாங்க"ன்னு முத்திரையை வெச்சார்.

— பத்து நிமிஷத்துல தகவோகாவுக்குப் போயிட்டா வந்தார்?

— போன்லதான்... எதிர்ல டெலிபோன் கூண்டு இருந்துச்சு.

— பேசினதைப் பார்த்தீங்களா? முப்பத்தெட்டு வருஷத் துப்பறிவாளர். மாடி ஜன்னல். பார்க்காம இருந்திருக்க மாட்டீங்க.

— பார்த்தேன். கூண்டுக்குள்ள போகலை. வெளியே நின்னார். வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டு மேல வந்தார்.

— கேக்கலையா?

— கேக்கலை. முத்திரை சரியா இருந்துச்சு, அம்மணி. முத்திரை சரியாத்தான் இருந்துச்சு.

— அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. கதவைத் தாழ் போடாதேன்னு சொன்னது...

— எனக்கு எப்படித் தெரியும்?

— அந்தக் கணக்கர். பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தொண்டையைச் செருமுவாரா?

— ஆங்! செருமுவார். வலது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. பேருகூட... இசோ... இசோபே! உங்களுக்கும் ஞாபகம் இருக்கே. இப்ப எங்க இருக்கார் அந்த ஆள்?

— ஜன்னல் பக்கம் திரும்புங்க, ஐயா. சாலைக்கு அந்தப் பக்கம், மழையில நான் நனையக் கூடாதுன்னு ரெண்டு குடையோட நிக்கிறார் பாருங்க, பதினாலு வருஷமா என் புருஷன்.